லத்தீன் விகுதிக்கு யார் காவல்?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த எவருக்கும் சிலபஸ் என்ற சொல் தெரியும். அது ஓர் அச்சுப்பிழையில் பிறந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. பண்டைய ரோமில் பாப்பிரஸ் சுருள்களில் தலைப்பு எழுதித் தொங்கவிடும் தோல் துண்டுக்கு 'சித்துபா' என்ற கிரேக்கப் பெயர் இருந்தது. சிசெரோ தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அதைக் குறிப்பிட்டார். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கடிதங்களை அச்சில் ஏற்றியவர்கள் அந்த இடத்தைத் தவறாகப் படித்து 'சில்லபோஸ்' என்று எழுத்துக் கோத்துவிட்டார்கள். பின்னால் வந்த அறிஞர்கள் பிழையைச் சொல்லென்றே நம்பி, பட்டியல் என்று பொருள் கொண்டு, லத்தீன் உருவமும் கொடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்துசேர்ந்தது. ரோமானியர் ஒருவரும் பேசியிராத இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இன்று இரண்டு பன்மைகள் உண்டு: சிலபஸஸ், சிலபை. இரண்டாவதே இலக்கண சுத்தம் என்று நினைப்போர் ஏராளம். எந்த மொழியின் இலக்கணம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆங்கிலத்தில் பன்மைக்கு அப்படியொரு விதி கிடையாது. லத்தீனில் அப்படியொரு சொல்லே கிடையாது. ஆங்கிலத்தில் உள்ள லத்தீன் விகுதிகள், ஒருமை பன்மை காட்டுபவையானாலும் ஆண்பால் பெண்பால் காட்டுபவையானாலும், இலக்கணத்தின் பலத்தால் நிற்பவை அல்ல என்பதே என் வாதம். பள்ளி, நீதிமன்றம், பல்கலைக்கழகம், அறிவியல் சபை என்று ஏதாவது ஒரு நிறுவனம் காவல் இருந்த இடத்தில் அவை நின்றன. காவல் விலகிய இடத்தில் உதிர்ந்தன.

ஆங்கிலத்துக்கே ஒரு காலத்தில் விகுதிகள் நிறைய இருந்தன. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால். கல் ஆண்பால், பெண்ணைக் குறித்த 'வீஃப்' நடுப்பால். பொருளோடு ஒட்டாத இந்தப் பாகுபாடு 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பலவாக இருந்த பன்மை விகுதிகளும் தேய்ந்து, பெரும்பாலும் ஸகர ஒலி ஒன்றே மிஞ்சியது. இப்படி இலேசாகிவிட்ட மொழிக்குள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் பெயர்ச்சொற்கள் வெள்ளமாகப் புகுந்தன. முன்பு வந்தவற்றில் பெரும்பாலானவை பிரெஞ்சு மக்களின் வாயில் தேய்ந்து வந்தவை. இப்போது வந்தவை ஏட்டிலிருந்து நேராக, விகுதி கலையாமல் வந்தன. கொண்டுவந்தவர்கள் எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். 1540களில் எட்டாம் ஹென்றியின் ஆணையால் நாடு முழுவதற்கும் பொதுவாக்கப்பட்ட வில்லியம் லில்லியின் லத்தீன் இலக்கணத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் மனப்பாடம் செய்தார்கள். 'கிராமர் ஸ்கூல்' என்ற பெயரில் உள்ள கிராமர் ஆங்கில இலக்கணம் அன்று, லத்தீன் இலக்கணம். லீட்ஸ் நகரத்துக் கிராமர் ஸ்கூலின் அறக்கட்டளைப் பணத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், கணக்கு முதலியவற்றைக் கற்பிக்கலாமா என்ற வழக்கு எழுந்தபோது, கிராமர் ஸ்கூல் என்றால் செம்மொழி கற்பிக்கும் இடமே என்று 1805இல் எல்டன் பிரபு முடிவு சொன்னார். நெசவாலைப் புகை சூழ்ந்த ஊரில் வணிகர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குக் கேட்டார்கள். சட்டம் வேற்றுமை உருபுகளைக் கொடுத்தது.

அந்தப் பள்ளிகள் ஆண்பிள்ளைகளுக்கானவை. வீட்டுக்கே ஆசிரியரை வரவழைக்க முடிந்த சில குடும்பங்களின் பெண்களைத் தவிர மற்றப் பெண்களுக்கு லத்தீன் எட்டவில்லை. ஷேக்ஸ்பியரின் விண்ட்சர் நகரத்து நகைச்சுவை நாடகத்தில், வில்லியம் என்ற சிறுவன் ஒரு பாதிரியாரிடம் லத்தீன் சுட்டுப்பெயரை மூன்று பாலிலும் வேற்றுமைப்படுத்தி ஒப்பிக்கும் காட்சி வருகிறது. பக்கத்தில் நிற்கும் குவிக்லி என்ற பெண்ணின் காதில் அவை ஆபாசமான வசைகளாக விழுகின்றன. அந்த நகைச்சுவை முழுதாகப் புரிய லில்லியின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட அகராதியும் இதே நிலைமையின் சாட்சி. ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி அது. சுமார் 2,500 கடினச் சொற்கள். சீமாட்டிகளுக்கும் பயிற்சியில்லாத பிறருக்கும் உதவவே தொகுத்தது என்று தலைப்புப் பக்கமே அறிவித்தது. ஆக, லத்தீன் பன்மை விகுதியைச் சரியாகச் சொன்ன வாய் பெரும்பாலும் ஓர் ஆணின் வாய், அதுவும் வசதியுள்ள ஆணின் வாய். சொல்லின் பாலைக் காட்டுவதற்கு முன்னால் அந்த விகுதி பேசுபவரின் பாலைக் காட்டியது.

காவல் இல்லாத சொல் என்ன ஆகும்? 1820களில் பிரான்சின் நான்ந்த் நகரில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர் பொதுமக்களுக்கான குதிரை வண்டி விட்டார். அதற்கு ஆம்னிபஸ் என்று பெயர் வழங்கியது. 1829 ஜூலை 4 அன்று ஜார்ஜ் ஷில்லிபீர் அதே பெயரில் லண்டனில் பாடிங்டனிலிருந்து பாங்க் வரை வண்டி ஓட்டத் தொடங்கினார். ஆம்னிபஸ் என்றால் லத்தீனில் 'எல்லோருக்கும்'. நம் கணக்கில் நான்காம் வேற்றுமை ஏற்ற பன்மை. அடுத்த சில ஆண்டுகளில் லண்டன் தெரு அதைப் பஸ் என்று சுருக்கியது. பகுதி போய் உருபு மட்டும் மிஞ்சியது. எல்லோரும் போய் 'க்கும்' மட்டும் ஓடுகிறது. அதற்கும் ஒரு பன்மை விகுதி ஒட்டிப் பஸஸ் என்றானபோது எந்த லத்தீன் ஆசிரியரும் பிரம்பை எடுக்கவில்லை. (கூடுதல் கட்டணம் வாங்கும் தனியார் வண்டிக்கு மட்டும் நாம் ஆம்னி பஸ் என்று பெயர் வைத்திருப்பது தனி வேடிக்கை.) அஜெண்டா லத்தீனில் பன்மை, 'செய்ய வேண்டியவை', ஆங்கிலத்தில் ஒருமையாகி அஜெண்டாஸ் என்று புதுப் பன்மையும் பெற்றுவிட்டது. ஸ்டாமினா என்பது பாவு நூலைக் குறித்த ஸ்டாமென் என்பதன் பன்மை. இன்று ஓட்டப்பந்தய வீரனிடம் இருப்பது, எண்ணிக்கையே இல்லாதது. தாவரவியலில் பூவின் மகரந்தத்தாளுக்குப் போன ஸ்டாமென் மட்டும் ஒருமையோடு பிழைத்தது. ஓபெரா இத்தாலியிலேயே ஒருமையாகிவிட்டது.

ஒரே சொல் இரண்டு தொழில்களுக்குப் போய் இரண்டு பன்மைகள் பெறும்போது இந்த வாதத்துக்கு இன்னும் துல்லியமான சான்று கிடைக்கிறது. ஆன்டென்னா என்பது லத்தீனில் பாய்மரத்தின் குறுக்குக் கழி. 15ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலை லத்தீனுக்குப் பெயர்த்த தியோடர் காஸா பூச்சிகளின் உணர்கொம்புக்கு அந்தச் சொல்லைப் போட்டார். பூச்சியியலாளர்கள் இன்றும் ஆன்டென்னீ என்ற லத்தீன் பன்மையையே எழுதுகிறார்கள். வானொலிக் காலத்தில் அதே சொல்லை எடுத்துக்கொண்ட பொறியாளர்கள் ஆன்டென்னாஸ் என்றார்கள். புத்தகத்தின் கடைசியில் இருப்பவை இன்டெக்ஸஸ், கணிதத்திலும் பங்குச் சந்தையிலும் இருப்பவை இன்டிசிஸ். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன 19ஆம் நூற்றாண்டு மனிதர்கள் மீடியம்ஸ், செய்தி சொல்பவை மீடியா. இலக்கணம்தான் காரணமென்றால் ஒரு சொல்லுக்கு ஒரு பன்மைதானே இருந்திருக்க வேண்டும்?

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். எந்த நிறுவனமும் கற்பிக்காத லத்தீன் பன்மைகளை மக்கள் தாமாகவே படைத்துக்கொள்கிறார்களே, அது மொழிக்குள் ஊறிவிட்ட இலக்கணத்தின் வேலையல்லவா? ஆக்டோபஸைப் பாருங்கள் என்பார்கள். அது கிரேக்கச் சொல். மூல வழக்கில் பன்மை ஆக்டோபோடிஸ். ஆனால் ஆக்டோபை என்ற வடிவம் பரவிவிட்டது. அது பிழை என்று ஃபௌலர் 1926இல் தம் ஆங்கில நடைக் கையேட்டில் கண்டித்தும் ஒழியவில்லை. இக்னோரமஸ் இன்னும் சுவையானது. அது பெயர்ச்சொல்லே அன்று, 'நாங்கள் அறியோம்' என்ற வினைமுற்று. போதிய சாட்சியம் இல்லாத குற்றப்பத்திரிகையின் முதுகில் ஜூரிகள் அதை எழுதினார்கள். 1615இல் கேம்பிரிட்ஜில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன் நடந்த ஜார்ஜ் ரக்கிளின் நாடகம் அதை ஒரு மூட வழக்கறிஞருக்குப் பெயராக்கியது. வினைமுற்றுக்கு இக்னோரமை என்று பன்மை கட்டுவோரும் உண்டு. வைரஸுக்கு செவ்வியல் லத்தீன் ஏடுகளில் பன்மை வடிவமே காணோம். விரை என்று மாற்றினால் அது 'ஆண்கள்' என்று பொருள்படும். இவையெல்லாம் உள்ளூறிய இலக்கணத்தின் வேலையாக இருந்தால், சென்ஸஸுக்கும் ப்ராஸ்பெக்டஸுக்கும் ஏன் யாரும் சென்சை, ப்ராஸ்பெக்டை என்று சொல்வதில்லை? மக்கள் விதியைப் பின்பற்றவில்லை. படித்தவர் போட்டிருக்கும் பதக்கத்தைப் பார்த்து அதேபோல் ஒன்று செய்துகொள்கிறார்கள். பதக்கத்துக்கு மதிப்பு இருந்தால்தான் போலி உருவாகும். ஆகவே ஆக்டோபை என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி அன்று.

டேட்டா விவகாரத்தில் எதிர்த்தரப்புக்குச் சற்று வலுவுண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது டேட்டம் என்பதன் பன்மை, 'தரப்பட்டவை'. பன்மை வினையோடுதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் தனித்தனி அளவீடுகளின் தொகுதி என்ற உணர்வு போய்விடும், அறிவியலில் அது இழப்பு என்கிறார்கள் பழைய வழக்கின் ஆதரவாளர்கள். ஆய்விதழ்கள் பல இன்றும் அப்படித்தான் எழுதுகின்றன. இந்தக் கவலை போலியானதல்ல. ஆனால் அந்த உணர்வு விகுதியில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு வெப்பநிலை அளவீட்டை டேட்டம் என்று அழைக்கும் ஆய்வாளரைக் காண்பது அரிது. அவர் வேறு சொல் தேடுவார். ஒருமையை உயிரோடு வைத்திருப்பவர்கள் நில அளவைக்காரர்கள். உயரத்தை எந்தத் தளத்திலிருந்து அளப்பது என்ற அடிப்படைக்கு அவர்கள் டேட்டம் என்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பன்மை டேட்டா அன்று, டேட்டம்ஸ். பன்மையை ஒரு தொழிலும் ஒருமையை இன்னொரு தொழிலும் எடுத்துக்கொண்டு போனபின் இரண்டும் ஒரு சொல்லின் இரு வடிவங்கள் என்று சாதிப்பதில் பயனில்லை. கணினிக்காரர்கள் கையில் டேட்டா தண்ணீரைப்போல் எண்ணப்படாத பொருளாகிவிட்டது. அஃறிணைப் பெயரோடு 'கள்' சேர்ப்பதைக் கட்டாயமாக்காத மொழியைப் பேசும் நமக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

பெயரின் பால் இன்றும் உயிரோடு இயங்கும் ஓரிடம் உண்டு, அது உயிரினங்களுக்குப் பெயரிடும் துறை. 1753இல் லின்னேயஸ் அரசமரத்துக்கு ஃபைகஸ் ரிலீஜியோசா என்று பெயர் வைத்தார். அத்திக்கு ஃபைகஸ் ரசிமோசா. முதற்சொல்லின் ஈறு ஆண்பால்போல் தோன்றினாலும் லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், ஆகவே அடைமொழி பெண்பால் ஈறு பெறுகிறது. இதோ இலக்கணம் தன் பலத்தில் நிற்கிறதே என்று தோன்றும். யூகலிப்டஸைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஆஸ்திரேலிய மரத்துக்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க வேர்களிலிருந்து கட்டிய பெயர் அது. ரோமானியர் அந்த மரத்தைக் கண்டதே இல்லை. ஆனாலும் அது பெண்பால்தான், ஏனென்றால் தாவரவியல் மரபு அப்படி வைத்துக்கொண்டது, பெயரிடல் விதித்தொகுப்பு அந்த மரபை ஏற்கிறது. 1935 முதல் 2011 வரை புதிய தாவரத்தின் விவரிப்பை லத்தீனில் எழுதாவிட்டால் அதன் பெயர் செல்லாது. 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலமும் போதும் என்று தாவரவியலாளர்கள் கூடி முடிவு செய்தார்கள். வாக்களித்து நீக்கக்கூடிய ஒன்றை இலக்கணம் என்று சொல்வதைவிடச் சங்க விதி என்று சொல்வது பொருந்தும்.

மனிதர்களைக் குறிக்கும் சொற்களில்தான் பால் விகுதி கனமான சுமையைத் தூக்கியது. லத்தீனில் செய்பவன் 'டோர்', செய்பவள் 'ட்ரிக்ஸ்'. இங்கிலாந்து நீதிமன்ற ஆவணங்கள் 1733 வரை லத்தீனில் இருந்தன. 1731இல் இயற்றிய சட்டம் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்து ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. மொழி மாறியது, சொற்கள் மாறவில்லை. உயிலை நிறைவேற்றும் ஆண் எக்ஸிக்யூட்டர், பெண் எக்ஸிக்யூட்ரிக்ஸ். உயில் எழுதியவள் டெஸ்டாட்ரிக்ஸ். இது வெறும் அலங்காரம் அன்று. அன்றைய பொதுச் சட்டத்தின்படி மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது. கணவன் சம்மதமின்றி அவள் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. ஏற்றாலும் நிர்வாகம் செய்யும் உரிமை கணவனுக்குப் போய்விடும். ஆவணத்தில் 'ட்ரிக்ஸ்' என்று கண்ட குமாஸ்தா அடுத்ததாகக் கேட்க வேண்டிய கேள்வி, கணவன் இருக்கிறானா என்பது. ஆண்பால் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று 1850ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக அறிவித்தது. இந்தியாவில் 1897இன் பொது விதிகள் சட்டமும் அதையே சொல்கிறது. இங்கிலாந்தில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1882இல் வந்து, அத்தகைய பெண் கணவனைச் சேர்க்காமலே வழக்காடலாம் என்றது. அப்படிச் சொல்லும் பிரிவே அவளை எக்ஸிக்யூட்ரிக்ஸ் என்றுதான் குறிப்பிடுகிறது. விகுதி சுமந்த வேலை அந்தப் பிரிவோடு முடிந்தது. ஆனால் நம் ஊர் உயில்களில்கூட அந்தச் சொல் இன்னும் தட்டுப்படுகிறது.

நீதிமன்றத்தில் குறையைக் காட்டிய பெண்பால் ஈற்றைக் கல்லூரிப் பெண்கள் உரிமைச் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். அலம்னஸ் என்றால் வளர்ப்புப் பிள்ளை. பள்ளியின் ஊட்டத்தில் வளர்ந்தவன். பெண்பால் அலம்னா, பன்மைகள் முறையே அலம்னை, அலம்னீ. பட்டம் பெற்ற 17 பெண்கள் 1881இல் பாஸ்டனில் கூடினார்கள். மாரியன் டால்பட்டும், எம்.ஐ.டி.யில் முதல் மாணவியாகச் சேர்ந்து படித்த எலன் ரிச்சர்ட்ஸும் முன்னின்றார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து உருவான சங்கத்துக்கு 'கல்லூரி அலம்னீ சங்கம்' என்று பெயர். ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்க 1920 வரையும் கேம்பிரிட்ஜ் முழுப்பட்டம் கொடுக்க 1948 வரையும் காலம் தாழ்த்தின என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஈற்றில் இருந்த பெருமிதம் புரியும். லத்தீனை மறுத்த உலகத்திடம் லத்தீனின் பெண்பாலிலேயே பேசினார்கள். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ரோமானியரின் பழைய உச்சரிப்புக்குத் திரும்பும் சீர்திருத்தம் பரவியபோது ஆண்பால் பன்மை அலும்னீ என்றும் பெண்பால் பன்மை அலும்னை என்றும் ஒலிக்கத் தொடங்கின. ஆங்கில வழியில் படித்தவரும் ரோம வழியில் படித்தவரும் பேசிக்கொண்டால் ஆண்களும் பெண்களும் இடம் மாறிவிடுவார்கள்! வேறுபாடு கண்ணுக்குத்தான் நிச்சயம், காதுக்கு இல்லை. கலவைக் கூட்டத்துக்கு ஆண்பால் பன்மை என்பது ரோம விதி. பெண்கள் கல்லூரியாக இருந்து 1969இல் ஆண்களையும் சேர்த்த வாஸர் அந்த விதிக்குப் பணியவில்லை. அதன் பழைய மாணவர் சங்கம் பெண்பால் பன்மையை முன்னிறுத்தி, சாய்கோடு போட்டு, ஆண்பால் ஈற்றைப் பின்னால் ஒட்டிக்கொண்டது. நம் கல்லூரிகளில் ஒருவரே 'நான் இந்தக் கல்லூரியின் அலுமினி' என்பதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அஜெண்டாவை ஒருமையில் சொல்லும்போது சுளிப்பதில்லை. அஜெண்டாவுக்குக் காவல் சங்கம் எதுவும் இல்லை.

பாலை மறைத்தால் பெண்ணும் மறைந்துவிடுவாள் என்பது இக்காலத்து வாதங்களில் ஒன்று. ஓய்வுபெற்ற பேராசிரியையை எமெரிட்டா என்றே எழுத வேண்டும் என்பவர்கள் இதைச் சொல்கிறார்கள். அலம்னீக்களின் வரலாறு அவர்கள் பக்கம் நிற்கிறது, மறுக்கவில்லை. அந்த வரலாற்றில் விகுதியைத் தேர்ந்தவர்கள் அப்பெண்களே. பிறர் சூட்டிய விகுதியின் கதை வேறு, அதற்கு நம் நீதிமன்றங்களிலேயே உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை பாதிக்கப்பட்டவரே குற்ற வழக்கைத் தொடுத்து நடத்தினார். வழக்கு நடத்திய பெண் பிராசிக்யூட்ரிக்ஸ். இந்தியாவில் அமர்வு நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவது அரசு, பேசுவது அரசு வழக்கறிஞர். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் ஒரு சாட்சி மட்டுமே. ஆனாலும் அத்தகைய வழக்குகளின் தீர்ப்புகளில் பல பத்தாண்டுகளாக அவளுக்குப் பிராசிக்யூட்ரிக்ஸ் என்றுதான் பெயர். அவள் சாட்சியத்தைச் சந்தேகத்தோடு அணுகக்கூடாது என்று வலியுறுத்திய குர்மித் சிங் வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. பெயரை வெளியிடுவதை 1983இல் சட்டம் குற்றமாக்கியது, ஆகவே பெயருக்குப் பதிலாக ஒரு சொல் வேண்டுமே என்று சமாதானம் சொல்லலாம். அதற்கு ஓர் எழுத்தோ எண்ணோ போதும். 2009 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் விக்டிம் என்ற சொல்லுக்கே அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வரையறையும் தந்தது. லத்தீனில் விக்டிமா பெண்பால் பெயர், ஆணைக் குறித்தாலும் பெண்பாலே. ஆங்கிலம் அந்த ஈற்றை எப்போதோ உதிர்த்துவிட்டதால் இருபாலருக்கும் தடையின்றிப் பொருந்துகிறது. ஆனால் ஒவ்வொரு புதிய தீர்ப்பும் முந்தைய தீர்ப்புகளை மேற்கோள் காட்டித்தான் எழுதப்படுகிறது, மேற்கோளோடு பழைய சொல்லும் அடுத்த பக்கத்துக்கு வந்துவிடுகிறது.